யாரும் பார்க்காமல் ஓடும் டிவி: வீட்டில் டிவி நேரத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு

"இனி இந்த வீட்டில் டிவியே கிடையாது" என்று ஒரு நாள் கோபத்தில் ஒயரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்றாம் நாள் அதை எடுத்துத் திரும்பச் செருகியது பிள்ளைகள் இல்லை, நானேதான். அன்றைக்கு ஒரு இறுதிப் போட்டி இருந்தது.

அந்த அசடு வழிந்த மாலைக்கு அப்புறம்தான் எங்கே தவறு என்று யோசித்தேன். ஆளாளுக்குப் பிடித்த நிகழ்ச்சியில் கை வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? ஆனால் எங்கள் வீட்டில் டிவி ஓடிய நேரத்தில் பாதிக்குமேல் யாருக்கும் பிடித்த நிகழ்ச்சியே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சும்மா ஓடும் நேரத்தை முதலில் எடுத்துவிட்டால் யாருக்கும் எதையும் இழந்த வருத்தம் இருக்காது. பிடித்த நிகழ்ச்சிகளைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். நான் கீழே சொல்லப்போவது அந்த வரிசையில்தான் இருக்கும்.

முதல் வாரம்: எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போகும். தாளில் நான்கு கட்டங்கள். எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு அணைத்தது, யார் போட்டது, யார் உட்கார்ந்து பார்த்தது.

முதல் மூன்றும் சும்மா கணக்குக்கு. நான்காவது கட்டம்தான் முக்கியம். அங்கே பெயர் எழுத ஒரு தகுதி உண்டு: நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடிய வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தவர் பெயர் அந்தக் கட்டத்தில் வராது. யாருமே இல்லையென்றால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இந்த ஒரு வாரம் யாரையும் திட்டக் கூடாது. 'நீ எவ்வளவு பார்க்கிறாய் பார்' என்று தாளைக் காட்டிப் பேச ஆரம்பித்தால் மறுநாளே எல்லாரும் பொய் எழுதுவார்கள். பெரியவர்களின் நேரமும் அதே தாளில் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் தாள் வைத்தால் அது குற்றப் பத்திரிகையாகிவிடும்.

எங்கள் தாளில் ஒரு செவ்வாய்க்கிழமை டிவி ஓடியது 5 மணி நேரத்துக்கும் மேல். யாராவது உட்கார்ந்து பார்த்தது இரண்டு மணி நேரம் சொச்சம். மீதி முழுக்கக் கோடு. அதிகக் கோடுகள் விழுந்த வரிகளில் 'யார் போட்டது' என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் செய்தியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவது என் வழக்கம்.

இரண்டாம் வாரம்: கோடு விழுந்த நேரத்தை அணைப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 'யாரும் பார்க்கவில்லை என்றால் அது ஓடுவதால் என்ன கெட்டுவிடும்?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். 1, 2, 3 வயதுக் குழந்தைகளை ஒரு அறையில் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாட விட்டார்கள். அதில் அரை மணி நேரம் ஒரு டிவி ஓடியது, அதுவும் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி. குழந்தைகள் அதைப் பார்த்தார்கள் என்றே சொல்ல முடியாது. எப்போதாவது தலையைத் தூக்கிச் சில விநாடிகள் பார்த்துவிட்டுப் பொம்மைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் டிவி ஓடிய அரை மணி நேரத்தில் ஒரு பொம்மையோடு அவர்கள் தொடர்ந்து விளையாடிய நேரம் குறைந்துபோனது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு பெற்றோரைக் கவனித்தது. பின்னணியில் டிவி ஓடும்போது அவர்கள் குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதும் குறைந்தது.

காரணம் எளிது. திடீரென்று ஒரு சத்தமோ வெளிச்ச மாற்றமோ வந்தால் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் இதை 'என்ன அது?' அனிச்சைச் செயல் என்று சொன்னார். ஆபத்து வருகிறதா என்று பார்க்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. டிவியில் காட்சி மாறுவதும் விளம்பரம் இரைவதும் இந்த அனிச்சையை ஓயாமல் சுண்டிக்கொண்டே இருக்கின்றன. அதனால் 'டிவி அது பாட்டுக்கு ஓடட்டும், நீ உன் பாடத்தைப் படி' என்று பிள்ளையிடம் சொல்வது நியாயமே இல்லை. பெரியவர்களுக்கே முடியாத காரியம் அது. ஓடும் திரைக்கு எதிரே உட்கார்ந்து ஒருவரோடு முக்கியமான விஷயம் பேசிப் பாருங்கள், தெரியும்.

சரி, எப்படி அணைப்பது? இந்த வாரத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்தான் போட வேண்டும், எழுந்து போகிறவர் அணைத்துவிட்டுப் போக வேண்டும். வேறு கட்டுப்பாடே வேண்டாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும், உட்கார்ந்து பார்க்கட்டும்.

இதில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, வீடு நிசப்தமாகிவிடும். சிலருக்கு அது பிடிக்காது. வீட்டில் தனியாக வேலை செய்பவர்களுக்கு ஒரு குரல் துணைக்கு வேண்டியிருக்கும். அவர்களுக்கு வானொலியோ பாட்டோ போதும். அதுவும் சத்தம்தானே என்பீர்கள். கண்ணை இழுக்காது, ஒரு இடத்தில் உட்கார வைக்காது, அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனால் படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் அதையும் தணித்துவிடுங்கள். இன்னொன்று, என்னைப் போல வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறவர்கள். நான் செய்தது இதுதான்: உடை மாற்றி முகம் கழுவும்வரை ரிமோட்டைத் தொடுவதில்லை. பாதி நாள் அதற்குள் போட வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது.

பல வீடுகளுக்கு இந்த ஒரு படியே போதுமானதாக இருக்கலாம். எங்கள் வீட்டில் குறைந்த நேரத்தில் பெரும்பங்கு இதில் குறைந்ததுதான். பிள்ளைகள் இதை ஒரு கட்டுப்பாடாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கைக்கு எட்டாமல் வைப்பது

மனிதர்களைத் திருத்துவதைவிட மேஜை நாற்காலியை நகர்த்துவது சுலபம்.

டிவிக்கு ரிமோட் வந்த கதை இந்த இடத்துக்குப் பொருந்தும். அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் ஒயர் இணைத்த ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரே 'சோம்பேறி' என்று பொருள்படும். ஒயர் காலில் தடுக்குகிறது என்று பலர் குறைப்பட்ட பிறகு, 1955இல் ஒயர் இல்லாத ரிமோட் வந்தது. ரிமோட் வருவதற்கு முன்னால் சேனல் மாற்ற வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். அந்த எழுந்து போகும் வேலையைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவருவதுதான் இந்தப் படி. ரிமோட்டுக்கு இடம் சோபாவின் கைப்பிடி அல்ல, அடுத்த அறையின் இழுப்பறை. பத்தடி நடை என்பது சின்ன விஷயம்தான். ஆனால் வேண்டாத டிவிக்காகப் பத்தடி நடப்பவர்கள் குறைவு.

அறையில் இருக்கும் எல்லா நாற்காலிகளும் டிவியைப் பார்த்தபடி இருந்தால், அங்கே வந்து உட்காருகிறவர் வேறு என்ன செய்வார்? இரண்டு நாற்காலியையாவது ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். டிவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைப்பதும் நல்ல யோசனைதான், பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். படுக்கையறையில் டிவி இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. தூக்கத்தைத் தின்பது அதுதான்.

அப்புறம், தானாக அடுத்த எபிசோடுக்குத் தாவும் வசதி. ஓடிடி செயலிகளில் ஒரு எபிசோட் முடிந்து சில விநாடிகளில் அடுத்தது தொடங்கிவிடும். 'போதும்' என்று முடிவெடுக்க மனசுக்கு ஒரு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியையே இந்த வசதி எடுத்துவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொருவரின் புரொஃபைலுக்குள்ளும் போய்ப் பிளேபேக் அமைப்புகளில் இதைத் தனித்தனியாக நிறுத்த வேண்டும். உங்கள் புரொஃபைலில் நிறுத்தினால் பிள்ளையின் புரொஃபைலில் அது அப்படியே இருக்கும். யூடியூபிலும் ஆட்டோபிளே என்ற பொத்தானை அணைத்து வைக்கலாம். ஐந்து நிமிட வேலை, ஆனால் மாதக் கணக்கில் பலன் தரும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். சின்னப் பிள்ளைகளிடம் 'ஏழரைக்கு அணைத்துவிட வேண்டும்' என்பதைவிட 'இந்த எபிசோட் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்' என்பது நன்றாக எடுபடும். கதை பாதியில் இருக்கும்போது அணைத்தால் பெரியவர்களுக்கே கோபம் வரும். செய்தி, நேரலை விளையாட்டு போன்றவற்றுக்கு மட்டும் கடிகாரம் வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கு முடிவே கிடையாது.

ஒரே ஒரு மணி நேரம்

இனி உண்மையிலேயே யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கை வைக்கிறோம். அவசரப்பட வேண்டாம். தாளைப் பார்த்து, ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாக இருப்பது நல்லது. பெரும்பாலான வீடுகளில் அது இரவுச் சாப்பாட்டை ஒட்டிய நேரமாக இருக்கும். சாப்பிடும்போது டிவி வேண்டாம் என்பதும் அதில் தானாக அடங்கிவிடும்.

இப்படி நேரம் ஒதுக்குவதை நாடுகளே செய்து பார்த்திருக்கின்றன. பிரிட்டனில் 1957 வரை மாலை 6 மணி முதல் 7 மணி வரை டிவி ஒளிபரப்பே கிடையாது. குழந்தைகளைத் தூங்க வைப்பதற்காக என்று சொல்லப்பட்டது. ஐஸ்லாந்தில் அரசுத் தொலைக்காட்சி வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பை நிறுத்தி வைத்திருந்தது, 1987 வரைக்கும். ஜூலை மாதம் முழுக்க விடுமுறை விட்ட காலமும் அங்கே இருந்தது. இப்போது எந்த ஒளிபரப்பாளரும் நமக்காக அப்படி நிறுத்தப்போவதில்லை. ஒரு மணி நேரத்தை நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். வாரத்தில் ஒரு நாள் முழுக்க விடுவது உங்கள் வீட்டுக்குச் சரிப்படும் என்றால் அப்படியும் செய்யலாம். எனக்கு மணி நேரக் கணக்குதான் சரிப்பட்டது. ஒரு நாள் முழுக்க விட்டால் மறுநாள் சேர்த்துப் பார்க்கும் ஆட்கள் நாங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். டிவியை அணைத்துவிட்டு 'போய் உருப்படியாக ஏதாவது செய்' என்பார்கள். அந்த 'ஏதாவது' எங்கே இருக்கிறது? அலமாரியின் மேல்தட்டில், பெட்டிக்குள். காலியாக விட்ட நேரத்தை டிவி மறுபடி வந்து நிரப்பிக்கொள்ளும். அதனால் முதலில் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அப்புறம் அணைக்க வேண்டும். சீட்டுக்கட்டோ சதுரங்கப் பலகையோ விரித்த நிலையில் மேஜைமேல் கிடக்கட்டும். எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு ஜிக்சா புதிர், பெரியது. பாதி சேர்த்த நிலையில் அப்படியே விட்டுவிடுவோம். போகிற வருகிற ஆள் இரண்டு துண்டைப் பொருத்திப் பார்க்காமல் போக மாட்டார். முடிந்துபோன வேலை யாரையும் கூப்பிடாது, அரைகுறை வேலை கூப்பிடும்.

எல்லா நாளும் விளையாட்டு வேண்டியதில்லை. சமையலில் ஒரு கை, துணி மடிப்பது, சைக்கிளைத் துடைப்பது என்று வீட்டு வேலையிலேயே அந்த நேரம் போய்விடும். பிள்ளையோடு சேர்ந்து செய்தால் அதில்தான் பேச்சும் வரும். எதிரெதிரே உட்கார்ந்து 'இன்று பள்ளியில் என்ன நடந்தது' என்று கேட்டால் வராத பதில், துணி மடிக்கும்போது தானாக வரும்.

'போரடிக்குது' என்ற குரல் வரத்தான் செய்யும். உடனே ஓடிப்போய் வேடிக்கை காட்டாதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் அவர்களே எதையாவது தேடிக்கொள்வார்கள். எனக்கென்னவோ பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் அதிகம் போரடிக்கிறது என்று தோன்றுகிறது. நாம் என்ன செய்வோம்? போனை எடுப்போம். டிவியை அணைத்துவிட்டு ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரிய திரைக்குப் பதில் நான்கு சின்னத் திரை, வேறொன்றும் மாறவில்லை. அதனால் அந்த ஒரு மணி நேரம் எல்லார் போனும் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அப்பா அம்மாவின் போன்தான் முதலில் அங்கே போக வேண்டும்.

வாரக் கணக்கு

ஒரு மணி நேரம் பழகியபின், மீதி நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம். நாள் கணக்கைவிட வாரக் கணக்கு நல்லது, ஒரு நாள் கூடினால் இன்னொரு நாள் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் தாமஸ் ராபின்சன் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டார். இரண்டு பள்ளிகள். ஒன்றில் பிள்ளைகள் முதலில் 10 நாள் டிவி, வீடியோ, வீடியோ கேம் எதுவும் இல்லாமல் இருக்க முயன்றார்கள். அதற்கப்புறம் வாரத்துக்கு 7 மணி நேரம் என்று வரம்பு. இன்னொரு பள்ளியில் எதுவும் மாற்றவில்லை. பள்ளி ஆண்டு முடிவில் முதல் பள்ளிப் பிள்ளைகள் டிவி பார்ப்பதும், டிவி முன்னால் சாப்பிடுவதும் குறைந்திருந்தன. மற்றப் பள்ளியோடு ஒப்பிட்டால், உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கும் அவர்களுக்குக் குறைவாகவே ஏறியிருந்தது.

அந்தப் பத்து நாள் முழு விரதத்தை நான் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அங்கே வகுப்பே சேர்ந்து இருந்தது. வீட்டில் ஒரு பிள்ளை தனியாக இருப்பது வேறு கதை. ஆனால் 7 மணி நேரம் என்ற அளவு தொடங்குவதற்கு ஏற்ற எண்தான். இப்போது நீங்கள் அதைப் போல மூன்று மடங்கு பார்க்கிறீர்கள் என்றால் முதலில் பாதியாகக் குறையுங்கள்.

நடைமுறை இப்படி: அரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு என்று அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். வாரத் தொடக்கத்தில் ஆளுக்கு இத்தனை என்று கொடுத்துவிடுங்கள். எதைப் பார்ப்பது என்று அவரவரே தீர்மானிக்கட்டும். சேர்ந்து ஒரு படம் பார்ப்பதென்றால் ஆளுக்குக் கொஞ்சம் சீட்டைப் போட்டுக் 'கூட்டாக' வாங்கலாம், எங்கள் வீட்டில் பிள்ளைகள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. பெரியவர்களுக்கும் சீட்டு உண்டு. என் சீட்டு வியாழக்கிழமையே தீர்ந்துபோன வாரத்தில் அவர்கள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மதிப்பெண் வாங்கினால் கூடுதல் சீட்டு, அடம் பிடித்தால் சீட்டைப் பிடுங்குவது என்று ஆரம்பிக்காதீர்கள். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு மவுசு கூடும். நாம் குறைக்க நினைப்பதே அந்த மவுசைத்தான்.

மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சீட்டுக் கணக்கு பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் திரை நேரமே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நிறுவனம் எண் எதுவும் சொல்லவில்லை, பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

வீட்டில் ஒத்துக்கொள்ளாதவர்கள்

தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அவர்கள் பார்க்கும் தொடரை விட்டுவிடுங்கள். பகலெல்லாம் தனியாக இருப்பவருக்கு டிவி ஒரு ஆள் மாதிரி. அதைப் பிடுங்கினால் பதிலுக்கு நாம் போய் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குத் தயாராக இருந்தால் சரி. பிள்ளைகள் படிக்கும் நேரத்தோடு மோதினால் ஒயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு அது சவுகரியமாகவும் இருக்கும்.

கணவன் மனைவியில் ஒருவருக்கு இதில் விருப்பமில்லை என்றால், பிள்ளைகள் எதிரில் வாதாட வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான். மீதியைப் பேசவே வேண்டாம்.

விதிவிலக்குகளை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள்: காய்ச்சல் நாள், இறுதிப் போட்டி, நீண்ட விடுமுறையின் முதல் நாள். எழுதி வைத்தால் அது விதியின் பகுதி. எழுதாமல் அன்றைக்கு அன்றைக்கு விட்டுக்கொடுத்தால், அடுத்த வாரமே எல்லா நாளும் விதிவிலக்காகிவிடும்.

இடையில் ஒரு வாரமோ ஒரு மாதமோ எல்லாம் பழையபடி ஆகலாம். எங்களுக்கு இரண்டு முறை ஆனது. அப்போது சீட்டு, வாரக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் திரும்பக் கொண்டுவர முயல வேண்டாம். உட்காருகிறவர்தான் போட வேண்டும் என்ற அந்த முதல் விதிக்கு மட்டும் திரும்பிப் போங்கள், மற்றவை பின்னால் வரும்.

மூன்று மாதம் கழித்து அதே தாளை இன்னொரு வாரம் ஒட்டுங்கள். மொத்த மணி நேரத்தைப் பார்க்க வேண்டாம். கோடு விழுந்த வரிகளை மட்டும் எண்ணுங்கள். மூன்றாவது கட்டத்திலும் நான்காவது கட்டத்திலும் ஒரே பெயர் இருக்கும் வரிகளை விட்டுவிடுங்கள். அவர் ஆசைப்பட்டுப் போட்டு, உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போகட்டும்.